வசனத்தில் இல்லாத பேச்சு

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பத்தாவதைத் தாண்டாத எனக்கு எழுத்து ஒரு கேடா என்று என்னையே கேட்டுக்கொண்டு, என் ஷேர் ஆட்டோவின் பின்சீட்டில் காலை நீட்டிப் படுத்தும் விட்டேன். தூக்கம் வரவில்லை. எல்லாம் காலையில் மாட்டுத்தாவணியில் மல்லிகைப் பையோடு ஏறிய ஒரு அம்மாவால் வந்த வினை.

தெற்கு வாசலில் இறங்கியவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். "இப்ப சொந்த மீசையா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஹேமாவின் அம்மா. "உன் கூட்டாளி நல்லா இருக்கானா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். "நல்லா இருக்கட்டும்" என்று போய்விட்டார். குரலில் கோபமே இல்லை, அதுதான் குழப்பம். தவசியையும் ஹேமாவையும் பிரித்தது இந்த அம்மாதான் என்று ஏழெட்டு வருஷமாக ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவன் நான்.

மீசை என்றதும் அந்தக் கோந்து வாசனை வந்துவிட்டது. ஒட்டு மீசைக் கோந்தை நீங்கள் மோந்திருக்க மாட்டீர்கள். மூக்குக்குக் கீழே பெயிண்ட் கடை திறந்த மாதிரி இருக்கும். அப்போது நானும் தவசியும் அவனியாபுரத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தோம். அவனுக்கு ஊர் எழுமலை, விவசாயக் குடும்பம். பட்டறைக்கு எதிரே சேகர் அண்ணனின் ஜெராக்ஸ் கடை. அவர் ஒரு நாடகப் பைத்தியம். எந்தக் காலத்திலோ யாரோ வெளிநாட்டிலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்த காதல் காமெடி நாடகம் ஒன்று அவரிடம் இருந்தது. கிளாசிக் என்பார். பாதி எழுத்து அழிந்துபோனதைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கதை இதுதான். பணக்கார மாப்பிள்ளை ஒருவன், பெண்ணின் குணம் அறிய, தன் வேலைக்காரனுக்கு மாப்பிள்ளை வேஷம் போட்டுவிட்டுத் தான் வேலைக்காரனாகக் கூடப் போவான். பெண்ணுக்கு அந்த வேலைக்காரன்மேலேயே காதல் வந்துவிடும். தவசி, வேலைக்காரனாக நடிக்கும் பணக்காரன். நான், பணக்காரனாக நடிக்கும் வேலைக்காரன். அதட்ட வேண்டிய இடத்தில் கும்பிடுவேன், கும்பிட வேண்டிய இடத்தில் டேய் என்பேன். நான் யார் என்பது எனக்கே கடைசிவரை பிடிபடவில்லை. சேகர் அண்ணன் தலையில் அடித்துக்கொள்வார்.

பெண்ணாக நடித்தவள் ஹேமா. ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டில் அவர்கள் பாஷை, வெளியே நம்மைத் தூக்கிச் சாப்பிடும் மதுரைத் தமிழ். அவள் போனில் அம்மாவிடம் பேசும்போதெல்லாம் நான் பக்கத்தில் நின்று, எல்லாம் புரிந்தவன் மாதிரி ஆமா ஆமா என்று தலையாட்டுவேன். பேனாவால் எறிவாள். தவசி மட்டும் கூர்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். இரண்டு பேரும் மாடிப்படியில் உட்கார்ந்து முணுமுணுத்ததை வசன மனப்பாடம் என்றே நம்பினேன். "மாப்ள, உனக்கு வசனமே கொஞ்சூண்டு, அதுக்கா இம்புட்டு நேரம்?" என்று வேறு கேட்டுவைத்தேன்.

தெற்கு வாசல் பக்கம் ஒரு பழைய கல்யாண மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாடகம். முன்வரிசை முழுக்க ஹேமாவின் சொந்தக்காரர்கள். எங்கள் சட்டையிலெல்லாம் வாடகை மைக். கடைசிக் காட்சியில், வேலைக்காரனிடம் தன் மனசைச் சொல்ல வேண்டிய இடத்தில், ஹேமாவுக்கு வசனம் மறந்துவிட்டது. பதற்றத்தில் தன் வீட்டுப் பாஷையில் ஏதோ முனகினாள். தவசி அவளைப் பார்த்து, அதே பாஷையில், மெதுவாகப் பதில் சொன்னான். மைக் அதை மண்டபம் முழுக்கக் கொண்டுபோனது.

பின்வரிசை, காமெடி என்று நினைத்துக் கைதட்டியது. முன்வரிசை கப்சிப். எனக்குத் தெரியாமல் புது வசனம் சேர்த்துவிட்டார்கள் என்று நினைத்து நானும் குறுக்கே பாய்ந்து, எங்க எஜமானுக்குத் தெரியாத பாஷையே கிடையாது என்று அள்ளிவிட்டேன். கைதட்டல் இன்னும் கூடியது. என் வாழ்க்கையில் வாங்கிய ஒரே கைதட்டல். அவன் சொன்னது 'பயப்படாத, நான் இருக்கேன்ல' என்பது, பிற்பாடு ஹேமாவின் சித்தி மகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

திரை இறங்கியதும் அவள் அம்மா மேடைக்குப் பின்னால் வந்தார். "தம்பி, எங்க பேச்சு உனக்கு யாரு சொல்லிக் கொடுத்தது?" தவசி சட்டை மைக்கைக் கழற்றத் தொடங்கினான். நான் சும்மா இருப்பேனா. "நான்தாம்மா, நாடகத்துக்காக" என்றேன்.

"அப்பிடியா? நீ ஒரு வார்த்தை பேசு, கேப்போம்."

ஒட்டு மீசை ஒரு பக்கம் தொங்க, முழித்துக்கொண்டு நின்றேன். அவர் தவசியின் பக்கம் திரும்பி, தங்கள் பாஷையில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். முகத்தில் சிரிப்பும் இல்லை, முறைப்பும் இல்லை. ஹேமா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தரையைப் பார்த்தான். பிறகு, மைக் செட்டுக்காரர் கூப்பிடுகிறார் என்று சொல்லிவிட்டு நழுவினான். யாரும் கூப்பிட்ட மாதிரி எனக்குக் கேட்கவில்லை.

அடுத்து எழுமலையில் போடுவதாக இருந்த நாடகம் நின்றுபோனது. ஹேமா கடைக்கு வருவதை நிறுத்தினாள். அடுத்த வருஷம் சேலத்தில் கல்யாணம். தவசி ஓசூரில் ஒரு கம்பெனிக்குப் போனான். அந்த அம்மா என்ன திட்டினார் என்று கேட்கும்போதெல்லாம் பேச்சை மாற்றுவான். திட்டுத்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

அந்த மண்டபம் இப்போது பைக் நிறுத்துமிடம். மேடை இருந்த இடத்தில் டோக்கன் கிழிக்கிறார்கள். ஜெராக்ஸ் கடை செல்போன் கவர் கடையாகிவிட்டது, மாடிப்படியை அடைத்து ஷட்டர் போட்டுவிட்டார்கள். நாடகத்துக்காகத் தொடங்கிய வாட்ஸப் குரூப் மட்டும் இருக்கிறது. அதில் குட் மார்னிங் போடும் ஒரே ஆள் நான். ஹேமா எப்போதோ வெளியேறிவிட்டாள்.

மத்தியானம் ஆட்டோவில் படுத்தபடியே தவசிக்கு அனுப்பினேன்: 'ஹேமா அம்மாவப் பாத்தேன். நீ நல்லா இருக்கியான்னு கேட்டாங்க. அன்னைக்கு அவங்க என்னதான்டா சொன்னாங்க?'

ரெண்டு நீல டிக் விழுந்தது. நான் ஒரு டிரிப் போய்த் திரும்பிய பிறகுதான் பதில் வந்தது:

'மேடையில சொன்னதையே எங்க வீட்டுக்கு வந்து சொல்லுன்னாங்க மாப்ள, நான்தான் போகல.'