நாடகத்துக்குக் காக்கி

எங்கள் வீட்டுக்குத் தெரிந்த நாடகம் கோயில் பொங்கலுக்கு விடிய விடிய நடப்பது. அதற்குப் பாயும் போர்வையும் போதும். பாதியில் தூங்கிப்போனாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அதனால், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, சாயங்கால வேளையில், நாற்காலியெல்லாம் போட்டு ஒரு நாடகம் நடத்துகிறார்கள், அதில் மாமா நடிக்கிறார் என்று சேதி வந்ததும், எதை உடுத்திக்கொண்டு போவது என்ற கவலைதான் அம்மாவுக்கு முதலில் வந்தது. பக்கத்து வீட்டுத் தெலுங்கு அத்தை, மண்டபம் என்றாலே பட்டுதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

மாமா அம்மாவின் தம்பி. போலீஸ் செலக்சனுக்காக எங்கள் ராஜபாளையம் வீட்டில் தங்கி, தினமும் விடியக் கருக்கலில் கிரவுண்டில் ஓடிக்கொண்டிருந்தவர். அப்பா போலீஸ் ஏட்டு. மச்சினனை ஓடவிட்டு, சைக்கிளில் பின்னாலேயே போவார். எங்கள் சொந்தத்தில் பட்டாளத்துக்கோ போலீசுக்கோ போகாத ஆம்பிளையைப் பற்றிப் பேசும்போது குரலைத் தணித்துக்கொள்வார்கள். கல்யாண வீட்டில் பட்டுவேட்டிக்காரருக்கு இல்லாத மரியாதை, லீவில் வந்து யூனிபாரத்தோடு போட்டோவுக்கு நிற்பவருக்கு உண்டு. அப்பேர்ப்பட்ட குடும்பத்தில், மாமா ஒருநாள் ஓடுவதை நிறுத்தினார். காரணம் சொல்லவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு ஒரு நாடகக் குழுவோடு சேர்ந்துவிட்டார். அன்றோடு அப்பா அவர் பேச்சையே எடுப்பதில்லை. அம்மாவுக்கு மத்தளம் போல இரண்டு பக்கமும் இடி.

அந்த அப்பாதான், அம்மா பயந்து பயந்து கேட்டபோது, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் "வாரேன்" என்றார். நாடகத்தன்று அவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே பந்தோபஸ்து டூட்டி; முடித்துவிட்டு நேராக மண்டபத்துக்கு வந்துவிடுவதாகச் சொன்னார். அம்மா அடுப்படிக்குள் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நாடகத்துக்கு முந்தின நாள் மாமாவுக்குப் போன் போட்டு உடுப்பு விஷயத்தைக் கேட்டாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நீ என்னத்த வேணா உடுத்திட்டு வாக்கா. மச்சான் மட்டும் காக்கியில வரவேண்டாம். எனக்கு நாடகத்துல போலீஸ் வேசம். அவிய அப்பிடி முன்னால உக்காந்திருந்தா எனக்குக் கை வராது. ஏன்னு மட்டும் அவியகிட்டச் சொல்லிராத, வராமப் போயிருவாவ."

அவ்வளவுதான், அம்மாவுக்குப் பட்டுச்சேலை மறந்துபோயிற்று. அப்பாவின் ஆகாய நீலச் சட்டையை இரண்டு தரம் தேய்த்துப் பைக்குள் வைத்தாள். பஸ்ஸில் பை என் மடியில் இருந்தது. கசங்கிவிடுமோ என்று மூச்சைக்கூட அளந்து விட்டேன். அப்பா மாற்றிக்கொள்வாரா, மாட்டாரா என்று என்னிடமே அம்மா நாலைந்து முறை கேட்டுவிட்டாள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன தெரியும்? இந்த நாடகம் நல்லபடியாக முடிந்தால் மாமா பழையபடி வீட்டுக்கு வந்துபோவார். இல்லையென்றால் இனி எப்போதும் இல்லை. அதுமட்டும் எனக்குத் தெளிவாகப் புரிந்திருந்தது.

மண்டப வாசலில் அப்பா நின்றிருந்தார். காக்கிதான். அதுவும் டூட்டியில் வேர்த்துக் கசங்கிய காக்கி இல்லை. மடிப்புக் கலையாமல், பெல்ட்டில் பாலிஷ் மின்ன, வேறு ஒரு செட்டைக் கொண்டுபோய் மாற்றியிருந்தார். அம்மா சட்டையை நீட்டியதும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"நம்ம வீட்டுப் பய மேடை ஏறுதான். ஏனோதானோன்னா வந்து நிக்க முடியும்?"

மச்சினனுக்கு அவர் பட்டு உடுத்தி வந்திருக்கிறார். அம்மா சட்டையை மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்தாள்.

உள்ளே நுழைந்ததும் பேச்சுச் சத்தம் அடங்கியது. குழுவின் பையன் ஒருவன், நாடகத்தை நிறுத்த வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, அனுமதிக் கடிதத்தோடு ஓடிவந்தான். அப்பா அவன் தோளில் தட்டி, மச்சினன் நடிக்கிறான் என்றார். அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முன்வரிசை நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு, அதன்மேல் துண்டையும் விரித்துவிட்டான். பின்வரிசையில் ஒளிந்துகொள்ளலாம் என்று அம்மா போட்டிருந்த திட்டமும் போயிற்று.

மாமா காக்கியில் மேடைக்கு வந்தார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. எத்தனை காலமாகப் பார்க்க ஆசைப்பட்ட கோலம் அது. என்னைக் குனிந்து பார்த்து, எப்பிடி இருக்கான் பாத்தியாட்டி என்று காதில் சொன்னார்.

கதை சின்னதுதான். ஆடு களவுபோன ஒரு கிழவர் ஸ்டேஷனுக்கு வருகிறார். நாளைக்கு வா என்கிறார்கள். மறுநாளும் வருகிறார். வந்துகொண்டே இருக்கிறார். கடைசியில் போலீஸ்காரருக்குப் பொறுமை போய்க் கையை ஓங்குகிறார். ஓங்கிய கையோடு மாமா முன்வரிசையைப் பார்த்துவிட்டார். செத்த நேரம் கை அப்படியே நின்றது. அம்மா என் தொடையை அழுத்திப் பிடித்தாள். பிறகு அடி விழுந்தது. கிழவரின் துண்டு கீழே விழ, மாமா அதைத் தாண்டிக்கொண்டு போனார்.

மண்டபத்தில் பாதிப் பேர் மேடையைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவர் வலது உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்து மறுபடியும் துடைத்தார். மின்விசிறி எட்டவில்லை, வேர்க்கிறது என்று நினைத்தேன்.

நாடகம் முடிந்து கூட்டம் கலைந்தது. மாமா வேஷத்தைக் கலைக்காமலே இறங்கி வந்து எங்கள் முன்னால் நின்றார். காக்கிக்கு எதிரே காக்கி. அம்மாவின் உதடு சாமி பேர் சொல்லிக்கொண்டிருந்தது. அப்பா கத்தப்போகிறார் என்றுதான் நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்பா மெதுவாகத்தான் கேட்டார்.

"அந்தப் பெரியவருக்கு ஆடு கெடச்சுதா மாப்ள?"

"நாடகம் அதோட முடிஞ்சிருது மச்சான். பொறவு என்னாச்சுன்னு நாங்க வைக்கல."

"கெடைக்கல" என்றார் அப்பா, தன் வலது உள்ளங்கையைப் பார்த்தபடி.

மாமா சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நடித்தவர்களுக்கே தெரியாத மிச்சக் கதையை எங்கள் அப்பா ஒரு நொடியில் சொல்லிவிட்டார். போலீஸ்காரர் என்றால் சும்மாவா, கண்டுபிடித்துவிட்டார் என்று மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.