ஒற்றைச் சடையோடு நாமக்கல் வரை

போன ஜனவரியில், ஒரு சனிக்கிழமை, நாமக்கல்லில் கல்லூரி மாணவர்களுக்கு நூல் அறிமுகப் போட்டி. எடப்பாடியிலிருந்து மூன்று பேருந்து, ஏறத்தாழ 65 கி.மீ. இந்த வலைப்பூவில் இதுவரை ஏற்காடு, கொல்லிமலை என்று குளுகுளு இடங்களாகவே எழுதியிருக்கிறேன். இது வெயில் வழி. ஆனாலும் நான் போனதிலேயே பெரிய பயணம் இதுதான்.

ஏழு நிமிடம் பேச வேண்டும், நூலிலிருந்து ஒரு பக்கம் வாசித்துக் காட்ட வேண்டும். இதுதான் விதி. நாஜி வதைமுகாமிலிருந்து உயிரோடு மீண்ட ஒரு யூதப் பெண், தன் பதினாறாம் வயதைப் பற்றி எழுதிய நினைவுக்குறிப்பை எடுத்துக்கொண்டேன். தமிழ் மொழிபெயர்ப்புதான். தலைப்பைச் சொன்னால் உடனே இணையத்தில் முடிவைத் தேடுவீர்கள், அதனால் சொல்லமாட்டேன்.

படித்து முடிக்கப் பதினோரு நாள் ஆனது. முதலில் வந்தது கோபம். யார் மேல் காட்டுவதென்று தெரியாமல், தட்டில் சோற்றை மிச்சம் வைத்த தம்பி மேல் காட்டினேன். நடுவில் ஓரிடத்தில், பட்டினி கிடக்கும் பெண்கள் வாயாலேயே விருந்து சமைத்து, உப்புக் கூடிவிட்டதென்று சண்டை போடுகிறார்கள். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சிரித்ததற்காக அன்று முழுக்க வெட்கமாக இருந்தது.

பிறகு வந்தது 112ஆம் பக்கம். முகாம் வாசலில் வரிசையில் நிற்கும்போது, எழுதியவர் தன் எட்டு வயதுத் தங்கைக்கு இரட்டைச் சடை பின்னுகிறார். ஒரு பக்கம் முடித்து மறுபக்கத்தைத் தொடும்போது அதிகாரி கையசைக்கிறான். தங்கை வேறு வரிசைக்குப் போகிறாள், ஒற்றைச் சடையோடு. அந்த வரிசையில் போனவர்கள் யாரும் திரும்பவில்லை. ஒத்திகையில் மூன்று முறையும் அந்த இடத்தில் தொண்டை அடைத்து நின்றுவிட்டேன். "வேற பக்கம் எடுத்துக்கம்மா," என்றார் பேராசிரியர். மாட்டேன் என்றேன். பிடிவாதம் எனக்கு வேண்டிய மட்டும் உண்டு, தொண்டைதான் ஒத்துழைக்கவில்லை.

காலை 6.10க்கு எடப்பாடியில் ஏறினோம். சங்ககிரிக்கு ஆளுக்கு 20 ரூபாய். துணைக்கு அம்மா. விசைத்தறிச் சத்தத்துக்கு மேலே இருபது வருடம் பேசிப் பழகியவர். ரகசியம்கூட அவருக்கு உரக்கத்தான் வரும். சங்ககிரியில் மாறி, 7.05க்குத் திருச்செங்கோட்டு நகரப் பேருந்தில் உட்கார்ந்ததுமே ஆரம்பித்தார். (பெண்களுக்குக் கட்டணமில்லை.)

"அப்படி என்னதான் கண்ணு இருக்குது அந்தப் பொஸ்தகத்துல? படி பாக்கலாம்."

பேருந்தே திரும்பிப் பார்த்தது. மானம் போகிறதே என்று வேகமாகப் படித்தேன். எனக்கும் அதே வீட்டுக் குரல்தான் என்பதை மறந்துவிட்டேன். முன் இருக்கையில் பூக்கூடையோடு இருந்த அக்கா உடம்பையே திருப்பி உட்கார்ந்துகொண்டார்.

"இது நெசமாலுமே நடந்ததுங்களா?"

"ஆமாங்க," என்றேன். சடை வந்தது. வழக்கம்போல் நின்றுவிட்டேன்.

"அப்பறம்? அந்தப் புள்ள வந்துச்சா இல்லீங்களா?" என்றார் பூக்கார அக்கா.

பின்னாலிருந்த, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி டிரைவர் ஒருவர் குறுக்கிட்டார். "ஏனுங்க, பாவம் அழுகுதுங்க, உடுங்க."

அம்மா விடவில்லை. "அழுதா அழுவட்டும். அதுக்கு எதுக்குக் கண்ணு நிறுத்தற? அந்தப் புள்ளைக்கு என்னாச்சுன்னு தெரியாம நான் எறங்கமாட்டேன், ஆமா!"

எனக்கு வந்த எரிச்சலில், மூக்கை உறிஞ்சிக்கொண்டே படித்தேன். படிக்க முடிந்தது! இத்தனை நாளும் அழுகையை அடக்கப் போய்த்தான் தொண்டை அடைத்திருக்கிறது. அடக்காமல் விட்டதும் குரல் அதன் பாட்டுக்கு வந்தது. கரகரவென்றுதான் வந்தது, ஆனாலும் வந்தது. பூக்கார அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். நடத்துநர் "செங்கோடு எறங்குங்க" என்று இரண்டு தரம் கத்த வேண்டியிருந்தது.

திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் 35 கி.மீ., ஆளுக்கு 30 ரூபாய், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். வழியெல்லாம் கோழிப் பண்ணைகளும் முட்டை லாரிகளும். நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. அம்மா தூங்கிவிட்டார், நான் மனசுக்குள் இன்னும் இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

போட்டியில் நான் பதினோராவது ஆள். சடை வந்தபோது கண்ணில் நீர் கொட்டியது. துடைக்கவில்லை, நிறுத்தவும் இல்லை. இன்னும் நான்கு வரி இருக்கும்போது மணி அடித்தார்கள். அந்த நான்கையும் படித்துவிட்டுத்தான் புத்தகத்தை மூடினேன். பிறகு எழுந்த கைதட்டலில் அம்மாவின் கைதட்டல் மட்டும் தனியாகக் கேட்டது.

நேரம் தாண்டியதற்கு மதிப்பெண் குறைத்தார்கள். மூன்றாம் பரிசு, ஒரு ஸ்டீல் டிபன் கேரியர். உலகத்தையே ஜெயித்த மாதிரி அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சங்ககிரியில் இறங்கியதும் டீ குடித்துவிடுங்கள், அடுத்த பேருந்துக்காக எப்படியும் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். நாமக்கல்லில் ஆட்டோவுக்கு 80 ரூபாய் கொடுத்தோம், பேசியிருந்தால் குறைந்திருக்கும். கைக்குட்டை இரண்டு வேண்டும். பேருந்தில் உரக்கப் படிக்கக் கூச்சப்படாதீர்கள்.

உங்கள் பேராசிரியரும் வேறு பக்கம் எடுக்கச் சொல்வார். பரிசு கொடுக்கும்போது நடுவராக வந்திருந்த பெண்மணியும் என்னிடம் அதையேதான் கேட்டார். "இவ்வளவு கஷ்டப்பட்டு எதுக்கும்மா? அந்தப் பக்கத்தை விட்டுட்டு வேற படிச்சிருக்கலாமே?"

"எழுதுனவங்க அதை விட்டுட்டு எழுதலீங்களே," என்றேன்.