பாசிக்கு ஊற்றிய கடல் தண்ணீர்

பக்கத்து வீட்டு டீச்சர் ஊருக்குப் போகும்போது தன் மீன் தொட்டியை என்னிடம் விட்டுச் சென்றார். வெளிச்சம் கிடைக்கட்டும் என்று அதை யன்னலோரம் வைத்தேன். ஒரு வாரத்தில் கண்ணாடியெல்லாம் பச்சைப் பாசி. தேய்க்கத் தேய்க்கத் திரும்பவும் வந்தது.

என் கணவர் துறைமுகத்தில் வள்ளம் ஓட்டுபவர். "வள்ளத்திலை பிடிக்கிற பாசி நல்ல தண்ணி பட்டாச் செத்துப்போகும். அப்ப இது உப்புத் தண்ணிக்குச் சாகாதோ?" என்றார்.

எனக்கும் சரியாகப் பட்டது. ஒரு வாளி கடல் தண்ணீர் ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் நான்கு மீன்களும் சரிந்து மிதந்தன. உடனே அவற்றைக் கிணற்றுத் தண்ணீருக்கு மாற்றினேன். பின்னேரம்வரை அவற்றின் பக்கத்திலேயே இருந்தேன்; குசினியில் சமையல் இல்லை. நல்லகாலம், நான்கும் பிழைத்தன.

திரும்பி வந்த டீச்சரிடம் எல்லாம் சொன்னேன். "யன்னல் வெயிலிலை வைச்சா பாசி வராமல் என்ன செய்யும்?" என்றார்.

இப்போது பாசியைக் கண்டால் நான் வாளியைத் தூக்குவதில்லை. வெயில் எந்தப் பக்கத்தால் விழுகிறதென்றுதான் பார்க்கிறேன்.