கிளச் இல்லாத கார்

எழுபதுகளின் நடுப்பகுதி. திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. என் கணவர் பழைய இங்கிலாந்துக் கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டிக் குடும்பத்தைப் பார்த்தவர். அவர் காலமானதும் அந்தக் காரை என்ன செய்யலாம் என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். என் யோசனைதான் எவருக்கும் பிடிக்கவில்லை. நானே ஓட்டப் போகிறேன் என்றேன்.

சிறுவயதில் வந்த காய்ச்சலில் என் இடது கால் சூம்பிவிட்டது. இழுத்து இழுத்து நடப்பேன். கிளச்சை மட்டும் மிதிக்க முடியாது.

நிலாவெளி ஹோட்டலுக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர் இடது காலை மடித்து வைத்துக்கொண்டு கார் ஓட்டியதை ஒருநாள் கண்டிருந்தேன். அதில் கிளச்சே இல்லை, கியர் தானாக மாறும் என்றான் என் தம்பி. அவன் துறைமுக வேலைத்தளத்தில் இயந்திரங்களைப் பூட்டும் பிற்றர். பிறகு அதே மாதிரிப் புதிய கார் ஒன்று பனையில் மோதி நொறுங்கிக் கிடப்பதாகக் கேள்விப்பட்டேன். அதன் கியர் பொக்ஸை வாங்கி எங்கள் காரில் போடச் சொன்னேன்.

“அக்கா, ஆட்டுக்கு எருமையின்ர குடலைப் போடச் சொல்லுறியள்.”

“வெட்டிப் போடு. ஆடு நடந்தாப் போதும்.”

திட்டித் திட்டியே செய்தான். இரண்டும் பொருந்தாததால் நடுவே இரும்புத் தகடு ஒன்றை அராவி வைத்தான். காரின் தரையை வெட்டி உயர்த்தினான். பின்சில்லைச் சுழற்றும் தண்டைக் குறுக்கினான். கிளச் மிதியைக் கழற்றி என் கையில் தந்தான். ஆங்கில எழுத்து எனக்குத் தெரியாதென்று, கியர்த் தடிக்குப் பக்கத்தில் முன்னுக்குப் போக வெள்ளைப் பொட்டும் பின்னுக்குப் போகச் சிவப்புப் பொட்டும் வைத்தான். பழகி, லைசென்சும் எடுத்தேன்.

ஒருநாள் காலை பற்றறி இறங்கிவிட்டது. கணவர் காலத்தில் செய்ததுபோல, எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் சனமெல்லாம் கூடித் தள்ளியது. கோயில் மூலை வரை தள்ளியும் கார் முனகக்கூட இல்லை. இந்தக் கியர் பொக்ஸ் போட்ட கார் தள்ளினால் உயிர் பெறாது என்பது தள்ளிய எங்கள் எவருக்கும் தெரியாது. கணவரின் தமையன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். காரைத் தன் மகனுக்கு எடுக்கக் கண் வைத்திருந்தவர் அவர்.

“ரெண்டு கால் உள்ளவனுக்கே அடங்காத கார். உனக்கேன் பிள்ளை இந்த வீம்பு? கிண்ணியாத் துறை ஏற்றத்தில ஏத்திக் காட்டு, பாப்பம். பின்னுக்கு உருண்டா சாவி எனக்கு.”

“ஓம் அத்தான். ஏத்தினா அதோட இந்தக் கதையை விட்டிடோணும். நீங்களும் பக்கத்தில இருந்து வாங்கோ.”

பற்றறியைச் சார்ஜ் செய்துகொண்டு அடுத்த நாளே போனோம். பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் காரை ஏற்றி அக்கரை சேர்ந்தோம். கரை ஈரச் சரிவு. முன்னால் போன லொறி பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டது. நானும் நின்றேன். பின்னால் தண்ணீர். அங்கே நின்று எடுக்கும் கார்கள், கிளச்சை விடும் இடைவெளியில் பின்னுக்கு உருளும். சில்லுக்கு அண்டை கொடுக்கவே பாதைக்காரர்கள் மரக்கட்டையோடு நிற்பார்கள்.

“கட்டை வைக்கட்டோ, அக்கா?”

“எடுத்துக்கொண்டு போ, தம்பி.”

லொறி நகர்ந்தது. கைப்பிறேக்கைப் பிடித்தபடி வலது காலை அழுத்தினேன். கார் முன்னுக்குப் போகத் திமிறியது. பிறேக்கை விட்டேன். ஒரு சாண்கூடப் பின்வாங்காமல் ஏறியது. திரும்பிப் பார்த்தால், அத்தானின் இடது கால் இல்லாத கிளச்சைத் தேடித் தேடித் தரையை மிதித்துக்கொண்டிருந்தது.

“காலை எடுங்கோ அத்தான், தரை ஓட்டையாப் போகும்.”

பாதைக்காரர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

“நிப்பாட்டு. நான் பஸ்ஸில வாறன்.”

“நான்தான் ஏத்திக்கொண்டு வந்தனான். இறக்கிறதும் உங்கட வாசல்லதான்.”

இறக்கியும் விட்டேன். அதற்குப் பிறகு அவர் காரைக் கேட்கவில்லை. பல வருடங்கள் அந்தக் கார்தான் எங்களுக்குச் சோறு போட்டது. கழற்றிய கிளச் மிதியை நான் எறியவில்லை. காற்றுக்கு அடிபடாமல் வாசல் கதவுக்கு அண்டையாக வைத்திருக்கிறேன். என் காலுக்கு ஏற்றபடி காரைத்தான் மாற்றினேன், என் எண்ணத்தை மாற்றவில்லை என்று, போகும்போதும் வரும்போதும் அது எனக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.