இஸ்திரிக் கடை நாடகம்

அவள் கைகள் துணியில் தண்ணீர் தெளித்துச் சுருட்டிக்கொண்டிருந்தன. தெளிப்பது அவள், தேய்ப்பது கணவர், மடிப்பது மறுபடி அவள். கல்யாணமான நாள் முதல் அதுதான் ஏற்பாடு. இஸ்திரிப் பெட்டியை அவர் அவள் கையில் கொடுத்ததே இல்லை. "ஒரு சட்டை கருகினா ஒரு வாடிக்கை போச்சு" என்பார். அவர் கையில் ஒரு கைக்குட்டைகூடக் கருகியதில்லை.

நர்சிங் கல்லூரி மாணவிகள் சில வாரங்களாகத் தெருவுக்கு வந்துகொண்டிருந்தார்கள். பக்கவாதத்தை எப்படிக் கண்டுகொள்வது என்று மக்களுக்குச் சொல்லித்தருவது அவர்கள் படிப்பில் ஒரு வேலை. தெருநாடகம் போடலாம் என்று முடிவு செய்தார்கள். நோயாளியாக நடிக்க ஆள் தேடியபோது, தங்கள் வெள்ளைச் சீருடைகளைத் தேய்த்துத் தருகிறவரையே கேட்டார்கள். மனிதர் உடனே ஒத்துக்கொண்டார். இடது பக்கம் வாய் தொங்க, இடது கை துவள, நாக்குக் குழற அவர் நடித்ததைப் பார்த்துக் கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்தது. மறுநாளே அவருக்குக் "கோணவாய்" என்று பெயர் விழுந்துவிட்டது.

போகிறவர் வருகிறவர் எல்லாம், "கோணவாயண்ணே, ஒரு தடவை!" என்பார்கள். அவரும் கோணுவார்.

"விளையாட்டுக்குக்கூட அப்படிச் செய்யாதீங்க," என்றாள் அவள்.

"உன்னை யாரும் நடிக்கக் கூப்பிடலைன்னு பொறாமைடி உனக்கு."

ஒத்திகையெல்லாம் கடை வாசலில்தான். மடிக்கிற கைக்கு வேலை உண்டு, காதுக்கு என்ன வேலை? வசனம் முழுதும் அவளுக்கு மனப்பாடம்.

அன்று சாயங்காலம் பக்கத்து பேக்கரிக்காரர் தன் சட்டையை வாங்க வந்தார். "முடிஞ்சுதாண்ணே?" என்று கேட்டார். கணவர் பதில் சொல்ல வாயெடுத்தார். சொல் குழறியது. வாய் கோணியது.

"அடி சக்கை! கேக்காமலே ஆரம்பிச்சிட்டாரு!" பேக்கரிக்காரர் கைதட்டினார். தெருவில் போன இருவரும் நின்று தட்டினார்கள்.

அவள் தலை நிமிரவில்லை. தினம் நடக்கிற கூத்துதானே. அப்போதுதான் கருகல் வாடை மூக்கில் ஏறியது.

இஸ்திரிப் பெட்டி சட்டை முதுகில் வைத்த இடத்திலேயே நின்றது. அதைப் பிடித்திருந்த வலது கை துவண்டு தொங்கியது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு அவரைத் தாங்கிப் பிடித்தாள். "ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!"

"நீ வேற அக்கா, அண்ணன் நடிக்கிறாரு..."

"அடுத்தவன் சட்டையைக் கருக்கிட்டா நடிப்பாரு? மூக்கு இருக்கா இல்லையா உங்களுக்கு? போனைப் போடுய்யா!"

பேக்கரிக்காரர் முகம் செத்துப்போனது. போன் போட்டார். யாரோ சோடா நீட்டினார்கள். "வாயில ஒரு சொட்டு ஊத்தக் கூடாது," என்று கையைத் தட்டிவிட்டாள். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணியை மனதில் போட்டுக்கொண்டாள். எல்லாம் ஒத்திகையில் காதில் விழுந்ததுதான்.

எப்போது ஆரம்பித்தது என்றுதான் ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டார். பதில் அவளிடம் இருந்தது. அதனால் ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை நேரத்தோடு போட முடிந்தது. உயிருக்குப் பயமில்லை என்றார்கள். வலது கை எவ்வளவு தேறும் என்பதை மட்டும் இப்போது சொல்ல முடியாது என்றார்கள்.

மறுநாள் காலை அவள் கடையைத் திறந்தபோது, மாணவிகளில் கண்ணாடி போட்ட ஒருத்தி வாசலில் நின்றாள். அழுது வீங்கிய முகம்.

"எங்களாலதான் எல்லாரும் சிரிச்சிட்டு நின்னாங்க அக்கா. நாடகத்தை நிறுத்திடறோம்."

"எதுக்கு? மணியைப் பாக்கணும்னு எனக்கு வேற யாரு சொன்னா? நாடகம் நடக்கட்டும். சிரிக்க வைக்கிற ஆளைப் போடாதீங்க, அவ்வளவுதான். இன்னிக்கு உனக்கு எங்க டியூட்டி?"

"அண்ணன் இருக்கிற வார்டுலதான்."

"அப்ப சீருடை வேணுமில்ல?"

அது தேய்க்காத மூட்டையில் கிடந்தது. அவள் பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த கருகலைச் சுரண்டித் துடைத்தாள். சூடேறியதும் முதல் தடவையாகத் தன் கையால் அதைத் துணிமேல் வைத்தாள். காலர் சரியாகப் படியவில்லை. அந்தப் பெண் அதை அப்படியே போட்டுக்கொண்டு வார்டுக்குப் போனாள்.