நனைக்காத வாழைநார்

வாழைநாரை நனைக்காமல் முடிச்சுப் போடக்கூடாது என்பது வாழை மண்டிக்காரர் வீட்டுக் கைக்குழந்தைக்கும் தெரியும். சின்னமனூரில் அப்படியொரு வீட்டில்தான் நானும் பிறந்தேன். இருந்தும் அக்கா விஷயத்தில் கோட்டைவிட்டேன்.

அக்கா காலேஜ் முடித்த வருடம் அது. எனக்கு ஒன்பது வயது. போடியிலிருந்து முதலில் பெண் பார்க்க வந்தவர்கள், பொண்ணு கொஞ்சம் பூசினாப்ல இருக்கு என்று சொல்லியனுப்பினார்கள். அன்றைக்கே அம்மா அக்காவுக்குச் சோற்றை நிறுத்திவிட்டு, கொள்ளு ரசத்தை நீட்டினாள். அக்கா சொல்பேச்சு கேட்கிற பிள்ளை. ஆறு மாதத்தில் ரசத்தையும் நிறுத்திக்கொண்டாள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்து கம்பத்திலிருந்து வந்தவர்களோ, பொண்ணு நோஞ்சான் என்று காபியைக்கூட முழுசாகக் குடிக்காமல் எழுந்து போனார்கள்.

அம்மா கட்சி மாறினாள். நெய்த்தோசை, முட்டை, பாலில் வேகவைத்த நேந்திரம்பழம். ஆவணியில் அடுத்த மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் அக்கா தேறியாக வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் மண்டியில் வாழைத்தார் நிறுக்கும் மெஷினில் ஏற்றி எடை பார்ப்பது என்று முடிவானது.

அக்காவால் சாப்பிட முடியவில்லை. தட்டைப் பார்த்தாலே கண் கலங்கிவிடும். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பினால் தட்டு என் பக்கம் வரும். இப்படியொரு அக்கா யாருக்குக் கிடைப்பாள் என்று பூரித்துப்போனேன்.

"ஏ புள்ள, எடை கூடலைன்னா ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ப் போட்ருவாகளாம். ஏதாச்சும் பண்ணு" என்றாள் ஒருநாள்.

மெஷின் வந்தபின் மண்டி மூலையில் பழைய இரும்பு எடைக்கற்கள் சும்மா கிடந்தன. முதல் வாரம் ஒரு கிலோ கல்லை நைட்டிக்குள் அக்கா இடுப்பில் நாரால் கட்டிவிட்டேன். அடுத்த வாரம் இரண்டு கிலோ. மூன்று கிலோவுக்குக் கல் கிடையாது. இரண்டைச் சேர்த்துக் கட்டலாம் என்கிற புத்தி எனக்கு இல்லாததால் மூன்றாம் வாரம் ஐந்து. நாரை நனைக்கத்தான் மறந்துபோனேன்.

மெஷின் நாற்பத்திரண்டு காட்டியது. நேந்திரம்பழத்தின் மகிமையைப் பார்க்கச் சொல்லி அம்மா அப்பாவைக் கூப்பிட்டாள். அவர் கிட்டே வரவும் நார் அறுந்தது. கல் அவருடைய கால் பெருவிரலுக்கு ஒரு சாண் தள்ளித் தரையில் டங்கென்று விழுந்தது. அப்பா கல்லைப் பார்த்தார், பிறகு மெஷினைப் பார்த்தார். முப்பத்தேழு.

சுமை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். எல்லாரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன்.

"அப்ப நான் ஊத்துன நெய்யெல்லாம் எங்கடி போச்சு?" என்று கேட்டாள் அம்மா.

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமே. அக்காவை இறக்கிவிட்டு நான் ஏறினேன். முப்பத்தெட்டு. அக்காவை ஜெயித்துவிட்டேன் என்று கைதட்டினேன்.

யாரும் சிரிக்கவில்லை. அப்பா மெஷினை அணைத்தார். அம்மா அங்கேயே வாழைச்சருகின் மேல் உட்கார்ந்து அக்காவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நெய் வீணாய்ப் போன வருத்தம் என்றே நினைத்தேன். பாவமாக இருந்தது. பக்கத்தில் போய், "அழாதம்மா, நாளையிலருந்து நான் சாப்பிடவே மாட்டேன்" என்று தேற்றினேன்.

அதற்கு அம்மா ஏன் இன்னும் சத்தமாக அழுதாள் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.