வெள்ளைக் கண்ணாடிக்குக் கீழே இரண்டு இருக்கைகள்

என் அப்பா ஐஸர் மிரிஷ் ஐம்பது வருடத்துக்கு மேல் ஒரே இருக்கையில் உட்கார்ந்து தொழுதார். எங்கள் ஊர் யூத ஜெபக்கூடத்தில் வலப்பக்கம், மூன்றாம் வரிசை, முப்பத்தொன்றாம் எண். அது தாத்தாவின் இடம். லித்துவேனியாவிலிருந்து கப்பலேறி வந்து, முதுகில் துணிமூட்டையோடு பண்ணை பண்ணையாக நடந்து விற்றவர்கள் சேர்ந்து 1911-இல் கட்டிய கூடம் அது. மொத்தம் இருநூற்றிருபது இருக்கைகள். நான் சிறுமியாக இருந்தபோது பண்டிகை நாட்களில் பெண்கள் மாடத்துப் படிகளில்கூட ஆள் இருக்கும்.

முப்பத்திரண்டு, ஸெலிக் மாமாவுடையது. அப்பா பள்ளிச் சீருடையும் காலணியும் விற்றார். மாமா காற்றாலைப் பம்பு விற்றார். சிறு வயது முதலே இணைபிரியாத நண்பர்கள். 1957-இல், பாவமன்னிப்பு நோன்பன்று, அந்த நட்பு முறிந்தது.

அன்று புழுதிக்காற்று. பக்கத்து ஜன்னலை மூட அப்பா துரட்டியை எடுத்தார். மூச்சிரைப்புக்காரரான மாமா அதைத் திறக்கச் சொன்னார். நோன்பின் வெறும் வயிறு வேறு. துரட்டியின் ஒரு முனையில் இவர், மறுமுனையில் அவர். வண்ணக் கண்ணாடி ஒன்று சிதறி விழுந்தது. மாமா தன் அம்மாவின் நினைவாகப் போட்டுக் கொடுத்த கண்ணாடி. அந்த நீலம் பிறகு எங்கும் கிடைக்கவில்லை. வெறும் வெள்ளைக் கண்ணாடியைப் போட்டார்கள்.

அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சில்லை. ஆனால் இடம் மாறவும் இல்லை. அப்பன் உட்கார்ந்த இடத்தை யார் விடுவார்? நோன்புக்கு முந்தின நாள் ஊரில் எல்லோரும் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்போம். இவர்கள் இருவரும் பரிமாறும் பெண்களிடம்கூடக் கேட்பார்கள், ஒருவரையொருவர் கேட்கமாட்டார்கள்.

பிள்ளைகள் ஜோகன்னஸ்பர்க், பெர்த், டொராண்டோ என்று போனோம். கூடம் காலியாகிக்கொண்டே வந்தது. கடைசியில் பன்னிரண்டு ஆண்கள், இருநூற்றுச் சொச்சம் வெற்றிருக்கைகள். அதில் பேசிக்கொள்ளாத இரண்டு கிழவர்கள் மட்டும் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். வெள்ளைக் கண்ணாடி வழியாக வரும் வெயில் இருவர் முழங்காலிலும் விழும்.

1998-இல் அம்மா இறந்தாள். மனைவியை இழந்தவர் முப்பது நாள் தன் இடத்தில் உட்காரக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அப்பா கடைசி வரிசைக்குப் போனார். அந்த மாதம் நான் ஊரில் தங்கியிருந்தேன். மாடத்தில் நான் ஒருத்திதான்.

அங்கிருந்து பார்த்தபோதுதான் ஒன்று புரிந்தது. அப்பாவுக்குக் காது சரியாகக் கேட்காது. எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை மாமாவின் புத்தகத்தை எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார் போலிருக்கிறது. மாமாவுக்கு முழங்கால் பழுது. அப்பாவின் தோளில் கை ஊன்றித்தான் எழுந்திருப்பார் போலிருக்கிறது. எத்தனை வருடமாகவோ, ஒரு வார்த்தை பேசாமல். இப்போது பின்னால் அப்பா பக்கங்களைப் புரட்டித் தடுமாறினார். முன்னால் எல்லோரும் எழுந்து நிற்க, மாமா மட்டும் எழ முடியாமல் உட்கார்ந்திருந்தார். நெற்றி சிவந்துவிட்டது.

முப்பது நாள் முடிந்தாலும் அப்பா திரும்பி வருவாரா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. "கடைசி வரிசையே போதும்மா. இனிமே யாருக்காக?" என்று வீட்டில் சொல்லியிருந்தார்.

மூன்றாவது சனிக்கிழமை. தோரா என்கிற எங்கள் வேதத்தின் வாசிப்புக்கு முன் மாமா இருக்கைகளைப் பிடித்துப் பிடித்து எழுந்தார். நடுவழியில் தள்ளாடி நடந்துபோய் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இருநூத்திப் பத்தாம் பக்கம்டா, செவிடா."

"இங்க எதுக்கு வந்தே?"

"அங்க காத்து அடிக்குது."

"அடிக்கட்டுமே. காத்து வேணும்னுதானே அன்னிக்கு ஊரக் கூட்டினே?"

அப்பாவுக்குக் கேட்க மாமா கத்தினார், அப்பாவும் கத்தினார், அதனால் கூடம் முழுக்கக் கேட்டது. வாசிக்க நின்றவர் வாயை மூடிக்கொண்டார்.

மாமா புத்தகத்தை மூடினார். "துரட்டிய இழுத்தது நான்தான். நீ அப்பவே கையை விட்டுட்டே."

"தெரியும்."

"தெரியுமா? தெரிஞ்சும் நாப்பத்தோரு வருஷம் ஏண்டா சொல்லலே?"

"நீதான் பேசலியே, முட்டாளே!"

யாரோ சிரித்தார். பிறகு பதினோரு பேரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. தோளை மட்டும் கொஞ்சம் மாமா பக்கம் சாய்த்தார். எழுந்து நிற்கும் நேரம் வந்திருந்தது.

முப்பது நாள் முடிந்ததும் இருவரும் சேர்ந்தே தங்கள் இடத்துக்குத் திரும்பினார்கள். இரண்டு வருடம் கழித்துக் கூடம் விற்கப்பட்டது. இன்று அங்கே தரைவிரிப்பு விற்கிறார்கள். ஒருமுறை உள்ளே போனேன். சுருட்டி நிறுத்திய விரிப்புகளின் மேல் அதே வெள்ளை வெயில் விழுந்திருந்தது. எதையும் வாங்காமல் வந்துவிட்டேன்.

மிச்சமிருந்தவர்கள் எங்கள் சாப்பாட்டு அறையில் தொழுதார்கள். மேசையை ஒதுக்கி, ஜன்னலோரம் அப்பா, அவருக்கு இடப்பக்கம் ஸெலிக் மாமா. முடிந்ததும் உப்பு மீன், சர்க்கரை பிஸ்கட், ஆளுக்கு ஒரு வாய் பிராந்தி. பேசாத நாற்பத்தோரு வருடத்துக்கும் சேர்த்து இருவரும் வம்பு பேசினார்கள்.

போன வாரம் அப்பா போய்விட்டார். மகள் என்கிற முறையில் நான் இடம் மாற வேண்டும். எங்கிருந்து மாறுவது? என் மாடத்தில் விரிப்புக் கட்டுகள் கிடக்கின்றன.

இன்று மாலைத் தொழுகைக்கு ஸெலிக் மாமா தடியூன்றி வந்தார். அப்பாவின் நாற்காலி காலியாக இருந்தது. தன் நாற்காலியில் உட்காரப் போனவர், நின்று, அதை இழுத்துக்கொண்டு கதவோரம் போய்ப் போட்டு உட்கார்ந்தார்.

ப்ளூம்ஃபோன்டைனிலிருந்து தொழுகை நடத்த வந்திருந்த இளம் ரப்பி மெல்லச் சொன்னார்: "ஐயா, இடம் மாறுறது குடும்பத்துக்காரங்களுக்குத்தான். நண்பர்களுக்கு அப்படி விதி இல்லே."

"யாருய்யா நண்பன்?" என்றார் மாமா. "அங்க காத்து அடிக்குது."

ஜன்னல் மூடித்தான் இருந்தது. நான் என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் வலப்பக்கத்தில் போட்டேன். எழுந்து நிற்கும் நேரம் வந்தபோது அவர் கை என் தோளைத் தேடி வந்தது.